பாடசாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் செய்தி எங்கே தொலைகிறது? பெற்றோர்–ஆசிரியர் தொடர்பு பற்றிய எளிய விளக்கம்

கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆசிரியர் அறையில் பெற்றோரைப் பற்றிப் பேச்செடுத்தால், "கூட்டம் வச்சா பாதிப் பேர் கூட வரமாட்டாங்க, இவங்களுக்குப் பிள்ளை மேல அக்கறையே இல்ல" என்ற வார்த்தை எப்படியும் வந்துவிடும். மதிலுக்கு அந்தப் பக்கம் உள்ள தோட்டத்தில் (நெருக்கமான குடியிருப்பில்), பொதுக் குழாயடியில் பெற்றோரைக் கேட்டால், "ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாலே ஒண்ணு காசு, இல்லாட்டி குறை" என்பார்கள். மேடையில் ஏறுகிறவர்கள் "பெற்றோரின் ஒத்துழைப்பு அவசியம்" என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். அந்த ஒத்துழைப்பு என்பது என்ன, அது எந்த வழியாகப் பிள்ளையின் படிப்பைத் தொடுகிறது என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு பிள்ளையின் வாசிப்பை மாற்றாது. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்ற செய்தி, இன்னும் ஏதாவது செய்யக்கூடிய நேரத்தில், அந்த வீட்டுக்கு விளங்கும் விதத்தில் போய்ச் சேர்ந்தால் மாறும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வாழைத்தோட்டம், மாளிகாவத்தைப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் குறைவது அக்கறை அல்ல, இந்தச் செய்திதான்.

## கிளினிக் கார்டு செய்யும் வேலை

பிள்ளை பிறந்ததும் தாயின் கையில் கொடுக்கப்படும் கிளினிக் கார்டை எடுத்துக்கொள்வோம். அதில் நிறை குறிக்கும் வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மருத்துவ மாது பிள்ளையை நிறுத்து, ஒரு புள்ளி வைத்து, முந்திய புள்ளியோடு கோடு இழுக்கிறார். கோடு பச்சைப் பட்டைக்குள் போனால் நல்லது. கீழே இறங்கினால் ஏதோ பிழை. எழுத வாசிக்கத் தெரியாத தாய்க்கும் இது விளங்கும். கோடு இறங்கியிருந்தால், "சோத்தோட ஒரு முட்டை குடுங்க, பருப்பைக் கட்டியா பிசைஞ்சு குடுங்க" என்று செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வார். பிறகு அடுத்த திகதியை எழுதிவிடுவார். அந்தத் தாய் தவறாமல் வருவாள். நாட்கூலியை விட்டுவிட்டுக்கூட வருவாள்.

இந்தக் கார்டுக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. பிள்ளை எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும், வீட்டில் என்ன செய்யலாம், மறுபடி எப்போது பார்ப்போம்.

இப்போது தவணைத் தேர்ச்சி அறிக்கையைப் பாருங்கள். "தமிழ் 41, கணிதம் 33, சூழல் 52, நிலை 29." எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு இலக்கம் இருக்கிறது. 33 என்றால் கூட்டல் தெரியாதா, வாய்ப்பாடு தெரியாதா, கேள்வியை வாசிக்கவே தெரியாதா என்று இல்லை. வீட்டில் என்ன செய்யலாம் என்றும் இல்லை. அதோடு அது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பல சமயம் அடுத்த தவணை தொடங்கிய பிறகுதான் கைக்கு வருகிறது. "மேலும் முயற்சி தேவை" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மாளிகாவத்தை மாடிவீட்டில் இருக்கும் ஒரு தகப்பன் என்ன செய்வார்? பிள்ளைக்கு ஏசுவார், அல்லது டியூஷனுக்குக் காசு தேடுவார். அதற்கு மேல் அவருக்கு வழி காட்டப்படவில்லை.

## சில சொற்கள், ஒரு முறை மட்டும்

அறிவித்தல் என்பது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போவது. "நாளை விளையாட்டுப் போட்டி, வெள்ளைச் சப்பாத்து அணியவும்." இது தேவைதான், ஆனால் படிப்பை மாற்றாது.

இருவழித் தொடர்பு என்பதில் வீட்டிலிருந்தும் ஏதாவது திரும்பி வரும். "இரவில் வாசிக்கச் சொன்னேன் டீச்சர், எழுத்து மங்கலாத் தெரியுதாம்" என்று ஒரு தாய் சொன்னால், ஆசிரியருக்குப் புதிய ஒன்று தெரிகிறது.

தகவல் இடைவெளி என்பது பிள்ளையின் படிப்பைப் பற்றி ஆசிரியருக்குத் தெரிந்ததற்கும் வீட்டுக்குத் தெரிந்ததற்கும் உள்ள தூரம். பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்து ஆசிரியருக்குத் தெரியாததும் இதில் சேரும்.

தொடர் வராமை என்பது பாடசாலை நடந்த நாட்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் பிள்ளை வராமல் இருப்பது. வருடத்தில் 200 நாள் பாடசாலை நடந்தால் 20 நாள். மாதத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டாலே இந்த எல்லை வந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

## செய்தி போனால் படிப்பு எப்படி மாறுகிறது

முதலாவது வழி, பிள்ளையின் உண்மை நிலை வீட்டுக்குத் தெரிய வருவது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் ஏமாந்துபோகிறோம்.

மூன்றாம் தரப் பிள்ளையின் தமிழ்க் கொப்பி. அழகான கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்புப் பேனையில் "சரி". அம்மா திறந்து பார்க்கிறார், மனம் நிறைகிறது. ஆனால் அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பார்த்து எழுதும் பிள்ளை வாசிக்கும் பிள்ளை என்று அர்த்தமில்லை. பாடப்புத்தகத்தைக் கொடுத்தாலும் படிப்பித்த பாடத்தை மனப்பாடமாக ஒப்புவிக்கும். விரல் எழுத்தின் மேல் ஓடும், ஆனால் வாய் ஒரு சொல் முந்தியோ பிந்தியோ போகும்.

இதைச் சோதிக்க அம்மா படித்திருக்க வேண்டும் என்றில்லை. இன்னும் படிப்பிக்காத ஒரு பக்கத்தைத் திறவுங்கள். படத்தைக் கையால் மறையுங்கள். விரலை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் போகிறதா, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறதா, இரண்டு வரியில் நின்றுவிடுகிறதா என்று காதே சொல்லிவிடும். ஆசிரியருக்கு இது ஏற்கனவே தெரியும். வீட்டுக்குத்தான் தெரியாது. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சைத் தாளைப் பார்த்ததும்தான் தெரிய வரும். அந்த வினாத்தாள் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்காகத் தயாரிக்கப்பட்டது. அதற்குள் இரண்டு வருடம் போயிருக்கும்.

பெற்றோர் பிள்ளையின் நிலையைத் தவறாகக் கணிப்பது இங்கு மட்டும் நடப்பதல்ல. ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்த ஆய்வொன்றில், பெற்றோர் நினைத்ததற்கும் பிள்ளைகளின் உண்மைப் புள்ளிகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. படிப்புக் குறைந்த, வசதி குறைந்த பெற்றோரிடம் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். உண்மையான புள்ளிகளைத் தெளிவாக விளக்கிச் சொன்னதும் அவர்கள் பிள்ளைக்காகச் செய்யும் செலவையும் முடிவுகளையும் மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது தகவல்தான்.

இரண்டாவது வழி, வரவு. தாய்மார் லீவை ஒவ்வொன்றாகத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். திங்கட்கிழமை காய்ச்சல், போன கிழமை சப்பாத்து கிழிந்தது, அதற்கு முன் ஊரில் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு, கூட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 28,000க்கும் அதிகமான குடும்பங்களோடு நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. தங்கள் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பெற்றோர் குறைவாகவே நினைத்திருந்தார்கள். மொத்த எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்பியபோது, தொடர் வராமை ஏறத்தாழ பத்து வீதம் குறைந்தது. நம் வகுப்பறைகளில் வரவு இடாப்பு ஒவ்வொரு காலையும் குறிக்கப்படுகிறது. மாதக் கடைசியில் கூட்டியும் போடப்படுகிறது. அந்தக் கூட்டுத்தொகை வீட்டுக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, வீட்டில் நடக்கும் பேச்சு. பெற்றோர் கணக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட, படிப்பைப் பற்றி வீட்டில் என்ன பேசப்படுகிறது, பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதே அதிகம் பலன் தருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இது படிக்காத பெற்றோருக்கு நல்ல செய்தி. பின்னக் கணக்குத் தெரியாத அப்பா, "இன்னைக்கு டீச்சர் பின்னம் தொடங்கினாங்களாமே, அரைவாசியையும் காவாசியையும் கூட்டினா எவ்வளவு?" என்று கேட்கலாம். அதைக் கேட்பதற்கு இன்று பின்னம் தொடங்கியது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று மட்டும் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும்.

நான்காவது, ஆசிரியரிடம் நடக்கும் மாற்றம். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணியிருப்பார். ஒரே அறையில் ஏழு பேர், இரவு பதினொரு மணி வரை டீவியும் விளக்கும் அணைவதில்லை என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையை முதல் பாடவேளையில் வாசிக்கச் சொல்வார், கடைசிப் பாடவேளையில் அல்ல. கண் பார்வையும் அப்படித்தான். 1, 4, 7, 10 ஆம் தரங்களில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. குறை இருந்தால் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் துண்டு புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடந்தால், பிள்ளை பின்வாங்கில் இருந்து கரும்பலகையைப் பாராமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதும். ஆசிரியர் அதைக் கவனக் குறைவு என்று அறிக்கையில் எழுதுவார்.

இதுவரை: தொடர்பு நேரடியாகப் பிள்ளைக்கு எதையும் கற்பிப்பதில்லை. வீடு உண்மை நிலையை அறிகிறது, வரவு கூடுகிறது, வீட்டுப் பேச்சு பாடத்தைத் தொடுகிறது, ஆசிரியர் பிள்ளையைச் சரியாகப் புரிந்துகொள்கிறார். படிப்பு மாறுவது இந்த வழிகளால்தான்.

## இங்கே ஏன் அறுந்து போகிறது

நேரத்தில் தொடங்குவோம். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. பெற்றோர் கூட்டம் வார நாளில் பத்து மணிக்கு. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவருக்கு அது வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். கொழும்பு ஏழில் வீட்டுவேலை செய்யும் அம்மா அந்த நேரத்தில் இன்னொருவரின் சமையலறையில் நிற்பார். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் இல்லை. அடிக்கடி லீவு கேட்டால் வேலையே இல்லை. வந்தும் என்ன? ஒன்றரை மணி நேரத்தில் கட்டட நிதி, ஒழுக்கம், சுத்தம், நன்றியுரை. தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் ஒரு நாள் கூலியை விட்டுப் போனவர் அடுத்த முறை வராததில் அதிசயமில்லை.

அடுத்தது காசு. இலவசக் கல்வி 1945இலிருந்து இருக்கிறது, பாடநூல் இலவசம், சீருடைத் துணியும் கிடைக்கிறது. ஆனாலும் வசதிக் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம், வகுப்புக்கு நிறப்பூச்சு, மின்விசிறி என்று ஏதாவது வரும். பாக்கி வைத்திருக்கும் பெற்றோர் வகுப்பாசிரியரின் கண்ணில் படாமலே போகப் பார்ப்பார். கதவடியில் நின்று கேட்க வேண்டிய படிப்புச் செய்தியையும் அதோடு சேர்த்துத் தவறவிடுவார். காசைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே கூட்டத்தில் பேசக்கூடாது. பாடசாலைகள் செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

பிறகு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. அனுமதிப் படிவத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது. அம்மா குவைத்திலோ ரியாதிலோ வீட்டுவேலைக்குப் போய் மூன்று வருடம். பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா. பாடசாலையில் உள்ள இலக்கத்துக்கு அழைத்தால் "பாவனையில் இல்லை" என்று வரும். அம்மம்மாவிடம் போன் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது. அந்த இலக்கத்தை யாரும் கேட்டு எழுதவில்லை.

போன் இருந்தாலும் அது யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம். பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான், அது முச்சக்கர வண்டி ஓட்டும் அப்பாவின் சட்டைப் பையில். காலை எட்டு மணிக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி இரவு பத்துக்குத் திறக்கப்படும். அதற்குள் பிள்ளை தூங்கியிருக்கும்.

மொழி இன்னொரு சிக்கல். சிங்கள மொழிமூலத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் பிள்ளையிடம்தான் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். "கணிதத்தில் பின்தங்கியுள்ளார், வந்து சந்திக்கவும்" என்று இருப்பது, "சும்மா மீட்டிங் அம்மா, வராட்டியும் பரவாயில்ல" என்று மாறிவிடும். பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே வாசித்துக் காட்டச் சொல்வது நியாயமில்லை. அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆகவே தமிழில் ஒரு பிரதி கேட்பது சலுகை கேட்பதாகாது. தமிழில் எழுத முடியாத ஆசிரியர் தமிழ் தெரிந்த சக ஆசிரியரைக் கொண்டு இருபது வினாடி குரல் பதிவு அனுப்பலாம்.

எல்லாவற்றையும்விட ஆழமாக அறுப்பது வெட்கம். பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் புள்ளிகளை வாசித்து, "இவரோட அம்மா யாரு? எழும்பி நில்லுங்க" என்று கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு தரம் எழும்பி நின்ற தாய் மறுபடி அந்தக் கதவை மிதிக்க மாட்டாள். வெட்கத்தின் மறுபக்கம் அடி. முறைப்பாடு வீட்டுக்குப் போனதும் அப்பாவின் பெல்ட் வெளியே வந்தால், அடுத்த கடிதத்தைப் பிள்ளை கிழித்துக் கானில் போட்டுவிடும். ஆசிரியர் செய்தி அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

இதுவரை: நேரம், காசு, தவறான இலக்கம், போன் யாரிடம், மொழி, வெட்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை எல்லாம் ஒன்றுபோல "அக்கறையின்மை" என்றே தெரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

## ஒரு நல்ல செய்தி எப்படி இருக்கும்

இரண்டு செய்திகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

"உங்கள் மகன் கணிதத்தில் மிகவும் பலவீனமாக உள்ளார். கவனம் செலுத்தவும்."

"அம்மா, உங்க மகன் கூட்டல் கழித்தல் நல்லாச் செய்றார். பெருக்கலில் 7ஆம் வாய்ப்பாட்டில் தடுமாறுறார். இந்தக் கிழமை ஒவ்வொரு இரவும் 7ஆம் வாய்ப்பாட்டை ரெண்டு தரம் சொல்லக் கேளுங்க, ஒரு தரம் பார்த்து, ஒரு தரம் பாராமல். ஏச வேணாம், நின்ற இடத்தை மட்டும் நினைவில வச்சிருங்க. வெள்ளிக்கிழமை நான் வகுப்பில கேட்பேன். எந்த இடத்தில நிக்கிறார் என்று எனக்குச் சொல்லி அனுப்புங்க."

முதலாவது செய்தி அடிக்குத்தான் வழி. இரண்டாவதில் கிளினிக் கார்டின் நான்கு வேலையும் இருக்கிறது: நிற்கும் இடம், போக வேண்டிய இடம், செய்ய வேண்டியது, திரும்பப் பார்க்கும் நாள். முன்னால் ஒரு நல்ல வார்த்தை, நடுவில் ஏச வேண்டாம் என்ற எச்சரிக்கை, கடைசியில் பதிலுக்கு ஒரு கேள்வி. வாய்ப்பாடு தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். பிள்ளை பார்த்துச் சொல்லும்போது ஓடும் வேகத்தையும் பாராமல் சொல்லும்போது நிற்கும் இடத்தையும் காது பிடித்துவிடும்.

ஒரே நேரத்தில் ஒரு விடயம்தான் சொல்ல வேண்டும். கையெழுத்து, வாய்ப்பாடு, நகம், தலைமுடி, தாமதம் என்று ஐந்தையும் சேர்த்து அனுப்பினால் எளிதான நகத்தை வெட்டிவிட்டு வீடு ஓய்ந்துவிடும்.

இவ்வளவு சிறிய செய்தியால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வு. அமெரிக்காவில் ஒரு நகர்ப்புறக் கல்விப் பிரிவில், தவறிய பாடங்களை விடுமுறை வகுப்பில் மீண்டும் படித்த மாணவர்களின் பெற்றோருக்கு ஆசிரியர்கள் கிழமைக்கு ஒரே ஒரு வசனம் அனுப்பினார்கள். 2015இல் வெளிவந்த முடிவின்படி, பாடத்தில் சித்தியடையாதோர் 15.8 வீதத்திலிருந்து 9.3 வீதமாகக் குறைந்தார்கள். பிள்ளை எதை முன்னேற்ற வேண்டும் என்று சொன்ன வசனங்கள் வெறும் பாராட்டைவிட நன்றாக வேலை செய்வதுபோலத் தெரிந்தது.

ஆனால் செய்தி போவது மட்டும் எப்போதும் போதாது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது, பொட்ஸ்வானாவில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்குக் கணக்குப் பயிற்சி குறுஞ்செய்தியாக மட்டும் போனது. இன்னொரு பகுதிக்கு அதோடு கிழமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, 15 முதல் 20 நிமிடம். அழைப்பும் கிடைத்த பிள்ளைகளின் கணக்கு முன்னேறியது. குறுஞ்செய்தி மட்டும் கிடைத்தவர்களிடம் சொல்லக்கூடிய முன்னேற்றம் இல்லை. சின்னப் பிள்ளைக்கு வீட்டில் ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால், மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இருந்து, "எப்படிப் போனது?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

## வட்ஸ்அப் குழு

2020க்குப் பிறகு வகுப்புக்கு ஒரு குழு வந்துவிட்டது. அறிவித்தலுக்கு அது நல்லது. பிள்ளையின் நிலையைப் பேச அது இடமில்லை. நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் ஒருவரின் பிள்ளை வாசிக்கத் தெரியாமல் இருப்பதை எழுதுவது, கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவதற்குச் சமம். "குட்மோர்னிங்" படங்களுக்குள் முக்கியமான செய்தி புதைந்தும் போகும். டேட்டா முடிந்த வீட்டுக்கு எதுவும் போகாது. குழுவில் அறிவித்தல் மட்டும். பிள்ளையைப் பற்றித் தனியாக, முடிந்தால் குரலில்.

## பெற்றோர் பக்கத்தில் செய்யக்கூடியது

கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் பிள்ளையை விடும்போது, அல்லது ஒன்றரைக்கு, இரண்டு நிமிடம் போதும். பாடம் நடக்கும்போது வகுப்புக் கதவில் நின்று கூப்பிட்டால் ஆசிரியருக்கு எரிச்சல்தான் வரும். "டீச்சர், எப்போ வந்தா ரெண்டு நிமிஷம் பேசலாம்?" என்று முதலில் கேட்டுவிட்டால் அந்தக் கதவு திறந்துவிடும்.

"என் பிள்ளை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்ல, கொஞ்சம் குழப்படி" என்ற பதில்தான் கிடைக்கும். கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். "இந்தத் தரத்துப் புத்தகத்தைத் தனியா வாசிக்கிறாரா?" "கணக்கில இப்போ எந்த இடத்தில தடுமாறுறார்?" "இந்தக் கிழமை வீட்டில ஒண்ணே ஒண்ணு செய்யச் சொன்னா எதைச் சொல்வீங்க?" மூன்றாவது கேள்வியைத்தான் தவறவிடக் கூடாது. அதுவே பதிலைச் செய்யக்கூடிய ஒன்றாக மாற்றுகிறது.

வரும்போது வீட்டுச் செய்தி ஒன்றைக் கொண்டு வாருங்கள். பிள்ளை இரவில் எங்கே இருந்து படிக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்போது தூங்குகிறது, கண் மங்குகிறதா, பாடசாலைக்கு வரப் பயப்படுகிறதா. இதைச் சொல்வது வறுமையை விளம்பரப்படுத்துவதாகாது. வேலை செய்யும் இலக்கம் ஒன்று வகுப்பாசிரியரின் கொப்பியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிம் மாற்றினால் அன்றே சொல்லிவிடுங்கள். அம்மா வெளிநாட்டில் என்றால், பிள்ளையோடு இருக்கும் ஆளின் பெயரும் அவரை எட்டும் வழியும் எழுதப்பட வேண்டும். அம்மாவும் இரவு அழைக்கும்போது "சாப்பிட்டியா"வோடு 7ஆம் வாய்ப்பாட்டையும் கேட்கலாம்.

ஆசிரியர் பதில் சொல்லவில்லை என்றால் பகுதித் தலைவர், பிறகு அதிபர், அதற்குப் பிறகுதான் வலயக் கல்விப் பணிமனை. நேரே வலயத்துக்குப் போனால் பெரும்பாலும் அதிபருக்கே திருப்பி அனுப்புவார்கள், இடையில் கசப்பு மட்டும் மிஞ்சும்.

## ஆசிரியருக்கு நேரம் எங்கே?

இது நியாயமான கேள்வி. நாற்பது பிள்ளைகள், இடாப்பு, படிவங்கள், பாடக்குறிப்பு, நடுவில் வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுக்கும் பாடவேளை. ஆகவே கணக்காகவே பார்ப்போம். ஒரு குரல் பதிவுக்கோ அழைப்புக்கோ மூன்று நிமிடம் வைத்து, ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகள் என்றால் 12 நிமிடம். பத்துப் பாடசாலை நாளில், அதாவது இரண்டு கிழமையில், முழு வகுப்பும் ஒரு சுற்று முடியும். ஒரு தவணைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கைந்து முறை செய்தி போயிருக்கும். அறிக்கை ஒரு முறைதான் போகிறது.

அந்த 12 நிமிடத்துக்கு ஒரு சாதாரண கொப்பி வேண்டும். பிள்ளைக்கு ஒரு பக்கம்: பேச வேண்டிய ஆள், இலக்கம், எடுக்கும் நேரம், வீட்டு மொழி, என்ன சொன்னேன், என்ன பதில் வந்தது, எப்போது மறுபடி. "எடுக்கும் நேரம்" என்ற வரியை நிரப்பாவிட்டால் பாதி அழைப்பு வீண். புறக்கோட்டை அப்பா மாலை ஆறுக்குப் பிறகுதான் எடுப்பார். வீட்டுவேலை அம்மாவுக்கு மதியம் இரண்டு மணி வசதி. மாலை அழைப்புக்குத் தன் இலக்கத்தைக் கொடுக்க விரும்பாத ஆசிரியர்கள் உண்டு, அது அவர்களின் உரிமை. அப்படியானால் பாடசாலை இலக்கம் ஒன்றை வகுப்புகளுக்கு முறை வைத்துக் கொடுப்பது அதிபரின் வேலை. அழைப்புச் செலவையும் பாடசாலை ஏற்க வேண்டும். ஆசிரியரின் சொந்த ரீலோடில் இது நீண்ட நாள் ஓடாது.

நாற்பதுக்கும் நேரமில்லை என்றால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளிலும், மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் வராத பிள்ளைகளிலும் தொடங்கலாம். வராத அன்றே, பத்து மணிக்குள், ஒரு அழைப்பு. "ஏன் அனுப்பல?" என்று தொடங்கினால் பொய்க் காய்ச்சல் பதிலாக வரும். "பிள்ளையைக் காணல்ல அம்மா, எல்லாம் சுகம்தானே?" என்று கேட்டால், சப்பாத்து கிழிந்தது, கடன்காரன் வந்தது, தம்பியைப் பார்க்க ஆளில்லாதது எல்லாம் வெளியே வரும். சப்பாத்துக்கு வழி பண்ணலாம். காய்ச்சல் என்று மூடிவிட்ட பேச்சுக்கு எதுவும் பண்ண முடியாது.

முதல் தவணையின் முதல் இரண்டு கிழமைச் சுற்றில் குறை எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது. "நான் உங்க மகளோட வகுப்பாசிரியர். இன்னைக்கு அவ பாட்டை நல்லாப் பாடினா. உங்கள எந்த நேரம் எடுத்தா வசதி?" அவ்வளவு போதும். பாடசாலை இலக்கத்தைத் திரையில் கண்டதும் பயப்படாமல் போனை எடுக்கும் பழக்கம் அந்த வீட்டுக்கு வந்துவிட்டால், வாய்ப்பாட்டைப் பற்றி மூன்றாம் கிழமையில் பேசலாம்.